வெளிநாட்டு நகரத்தில் கூட்டாளிகளோடு வழி தவறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரம் சொச்சத்தில் சிங்கப்பூர். கோலாலம்பூருக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கமிருந்து ஐந்தாறு கூட்டாளிகள் சேர்ந்து கிளம்பினால் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்தான், அதற்கடுத்து பாங்காக். மூன்று ஊரிலும் வழி தவறுவது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கிறது. ஆகவே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத வழி முதலில் இருக்கும், செலவு பிடிக்கும் வழி பின்னால் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் எல்லோரும் நில்லுங்கள். நடைபாதை ஓரமாக, ஒரு கடை வாசலில் ஒதுங்கி ஆட்களை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியென்றால் இடம்தான் தெரியவில்லை என்று அர்த்தம். குறைந்தால் ஆளைத்தான் தேட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யப் போவதால்தான் பத்து நிமிட வேலை பாதி நாளை விழுங்குகிறது.

அறிகுறி 1: எல்லோரும் இருக்கிறோம், மேப்பும் தெருவும் ஒத்துப்போகவில்லை

மேல வீதி, கீழ வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி என்று கோயிலைச் சுற்றிப் பழகிய கால்களுக்குத் திசை தானாகத் தெரியும். ஆறு கிழக்கே போகிறது, அவ்வளவுதான் கணக்கு. நாற்பது மாடிகளுக்கு நடுவே அந்தக் கணக்கு உதவாது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால் உச்சி வேளையில் வெயில் நேர்தலைக்கு மேல் அடிக்கும். நிழலைப் பார்த்தும் திசை சொல்ல முடியாது. போனை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வரிசையில் பாருங்கள்.

*புள்ளியைச் சுற்றி வட்டம் பெரிதாக இருக்கிறதா?* கூகுள் மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் பெரிய வட்டம் தெரிந்தால், போனுக்கே நீங்கள் நிற்கும் இடம் சரியாகத் தெரியவில்லை. உயரமான கட்டடங்களில் சிக்னல் மோதித் திரும்புவதால் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும். நாற்சந்திக்கோ திறந்த வெளிக்கோ வந்து ஒரு நிமிடம் நின்றால் வட்டம் சுருங்கும். சுரங்கப்பாதைக்குள் நின்றுகொண்டு புள்ளியை நம்பவே வேண்டாம்.

*புள்ளி சரி, திசை தவறா?* ரயில் நிலையத்திலிருந்து படியேறி மேலே வந்ததும் இதுதான் நடக்கும். போனைக் காற்றில் எட்டு போட்டு ஆட்டினால் திசைகாட்டி சரியாகும். காந்தம் வைத்த கவர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஒருவர் மட்டும் இருபது தப்படி நடக்கட்டும். புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் திரும்பி நடக்க வேண்டியதுதான். ஆறு பேரும் சேர்ந்து நடந்து சோதிக்க வேண்டியதில்லை.

*மேப் கார் வழியைக் காட்டுகிறதா?* மேலே கார் படம் தேர்வாகியிருந்தால் ஒருவழிப்பாதை சுற்றி, மேம்பாலம் ஏறச் சொல்லும். நடக்கும் ஆள் படத்துக்கு மாற்றுங்கள்.

*நிற்கும் தளம் வேறா?* மேப் தட்டையானது. பாங்காக்கில் ரயில் பாதையை ஒட்டிய மேல்நடை, கோலாலம்பூரில் மால்களை இணைக்கும் பாலம், சிங்கப்பூரில் தரைக்கடியில் போகும் கடைவீதி என்று ஒன்றின் மேல் ஒன்றாக வழிகள் இருக்கும். சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்று மேப் சொல்லியும் கண்ணில் படவில்லையென்றால் மேலேயும் கீழேயும் பாருங்கள்.

*பெயர் ஒன்றா, தெரு வேறா?* கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் என்பது பெரிய சாலை. அதே பெயரோடு எண் சேர்ந்த கிளைத் தெருக்கள் தனி. எண்ணை விட்டுவிட்டுத் தேடினால் வேறு தெருவில் நிற்பீர்கள். பாங்காக் சுகும்வித் சாலையில் சந்துகளுக்கு சோய் என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஆனால் எண்கள் எதிரெதிரே வராது. 55-ஆம் சோய்க்கு எதிரே இருப்பது 38. அடுத்த எண்ணைத் தேடி சாலையைக் கடப்பது வீண் நடை.

சிங்கப்பூரில் மட்டும் ஒரு சுருக்கு வழி உண்டு: ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக 6 இலக்க அஞ்சல் எண். போக வேண்டிய இடத்தின் எண்ணைத் தட்டினால் அந்தக் கட்டடத்தின் வாசலுக்கே மேப் போகும். நிற்கும் இடம் தெரியாவிட்டால் பக்கத்துக் கடையின் பில்லில் உள்ள எண்ணைத் தட்டிப் பாருங்கள். பஸ் நிறுத்தம் ஒவ்வொன்றிலும் 5 இலக்க எண் எழுதியிருக்கும், அதுவும் உதவும்.

*எப்போது ஆளைக் கேட்பது:* கால் மணி நேரம் ஆகியும் பிடிபடவில்லையென்றால். அவசரமாக நடந்து போகிறவரை மறிக்காமல் கடையில் பில் போடுபவரையோ கட்டடக் காவலரையோ கேளுங்கள். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை, தேக்கா, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கங்களில் "அண்ணே" என்று ஆரம்பித்தாலே பதில் தமிழில் வரும். கேட்க வேண்டிய கேள்வி "எப்படிப் போவது" அல்ல. போனைக் காட்டி "நாங்க இப்ப நிக்கிறது இதுல எந்த இடம்?" என்று கேளுங்கள். நிற்கும் இடம் தெரிந்துவிட்டால் மீதியை மேப் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி 2: நெட் வரவில்லை

நீலப் புள்ளிக்கு நெட் தேவையில்லை. அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. நெட் போனதும் மேப்பை மூடிவிடுவது பொதுவான தவறு. மூடாதீர்கள், ஏற்கெனவே திறந்திருந்த பகுதி அப்படியே இருக்கும்.

ஊர் சிம்மில் ரோமிங் பேக் போட்டிருந்தும் வரவில்லையென்றால், செட்டிங்கில் டேட்டா ரோமிங் அணைந்திருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறது என்று பாருங்கள். விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள், பிறகு போனை அணைத்துப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் கூட்டத்தில் இன்னொருவரிடம் ஹாட்ஸ்பாட் கேளுங்கள். கடைசியாகப் புது சிம். அதற்குப் பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கும். ஊர் சிம்மைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டால் வங்கி ஓடிபி வராது. போனின் இரண்டாவது சிம் இடத்தில் அதையும் போட்டே வையுங்கள்.

கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே அந்த ஊர் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைப்பது நல்லது. ஆனால் நெட் இல்லாத நேரத்தில் அது கார் வழியைத்தான் சொல்லும். நடை வழியும் ரயில் வழியும் வராது. தெருப் பெயரையும் புள்ளியையும் பார்த்து நீங்களே நடக்க வேண்டும். ரயில் வரைபடத்தை அதனால்தான் தனியாகப் படம் பிடித்து வைக்க வேண்டும்.

அறிகுறி 3: ஏறிய ரயில் வேறு எங்கோ போகிறது

*எதிர்த் திசை.* சிங்கப்பூரில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. ஊதா நிறத் தடத்தில் சைனாடவுன் 4, டோபி காட் 6, லிட்டில் இந்தியா 7, ஃபேரர் பார்க் 8. பெயரை மனப்பாடம் செய்வதைவிட எண்ணைப் பாருங்கள். தேக்காவுக்குப் போகிறவர் இறங்க வேண்டியது லிட்டில் இந்தியாவில்; அவருக்கு 6-க்கு அப்புறம் 5 வந்தால் எதிர்ப்பக்க ரயில் என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த நிலையத்தில் இறங்கி, கேட்டுக்கு வெளியே போகாமல், எதிர்ப்பக்கத்து ரயிலில் ஏறுங்கள். கேட்டுக்கு வெளியே போனால் காசு கழியும்.

*கிளை பிரியும் தடம்.* கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமேக் நிலையத்தில் தரைக்கு மேலே ஒரே பிளாட்பாரத்துக்கு இரண்டு தடத்து ரயில்கள் வரும்: ஒன்று அம்பாங், இன்னொன்று புத்ரா ஹைட்ஸ். சான் சோவ் லின் வரை இரண்டும் ஒரே வழி, அங்கே பிரியும். ரயில் நெற்றியில் எழுதியிருக்கும் கடைசி ஊரைப் பார்த்து ஏறுங்கள். தப்பாக ஏறியிருந்தால் சான் சோவ் லின்னுக்குத் திரும்பி மாறுங்கள். அதே மஸ்ஜித் ஜாமேக்கில் கெலானா ஜெயா தடம் தரைக்கடியில் இருக்கிறது. பிளாட்பாரத்தில் ரயிலைக் காணோம் என்றால் தளம் மாறியிருக்கும்.

*கேஎல் சென்ட்ரல்.* கோலாலம்பூரின் பெரிய ரயில் சந்திப்பு இது. பெரும்பாலான தடங்கள் அங்கே வரும் என்பது உண்மை. எல்லாம் ஒரே கூரைக்கடியில் இல்லை. மோனோரயிலுக்குப் பக்கத்து மாலுக்குள் நுழைந்து கடந்து போக வேண்டும். எம்ஆர்டி என்னும் மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயர் மூசியம் நெகாரா, அதற்கு ஒரு நீண்ட நடைவழி. மாலுக்குள் வந்துவிட்டோமே, வழி தவறிவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள், அதுதான் வழி.

*பத்துமலை போகும் கேடிஎம் ரயிலில்* இளஞ்சிவப்பில் குறியிட்ட பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் பிரிவது இங்கேதான். கதவு திறக்கும் முன்னே பெட்டியின் நிறத்தைப் பார்த்து நில்லுங்கள்.

*தவறான வாசலில் ஏறிவிட்டோம்.* சிங்கப்பூரில் வெளியேறும் வாசல்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்தோ 1, 2, 3 என்று எண்ணோ இருக்கும். நிலையத்துக்குள் ஒரு பலகையில் எந்த வாசல் எந்தத் தெருவுக்கு என்று எழுதியிருக்கும். மேலே வந்தபின் தப்பு என்று தெரிந்தால் சாலையைக் கடக்கப் பார்க்காதீர்கள். வந்த படியிலேயே இறங்கி உள்வழியாக நடந்து சரியான வாசலில் ஏறுங்கள். "நிலையத்தில் சந்திப்போம்" என்று சொல்வதும் இதனால்தான் பயன்படாது. "வாசல் சி, மேலே" என்று சொல்ல வேண்டும்.

*பஸ்ஸில்.* நம்மூர் மாதிரி "அண்ணே, பந்தநல்லூர் வந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்க சிங்கப்பூர் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பே மணியை அழுத்த வேண்டும், இறங்கும்போது கார்டைத் தட்ட வேண்டும். தாண்டிப் போய்விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் அதே எண் பஸ் பிடியுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* கார்டு கேட்டில் சிக்கினால், கோலாலம்பூரில் நீலப் பிளாஸ்டிக் டோக்கன் தொலைந்தால். கேட்டைத் தாண்டிக் குதிக்கவோ, முன்னால் போகிறவரை ஒட்டி நுழையவோ வேண்டாம். பக்கத்திலேயே நிலைய கவுண்டர் இருக்கும். கார்டு ஆளுக்கொன்று வேண்டும். ஒரு கார்டில் ஐந்து பேர் போக முடியாது.

அறிகுறி 4: ஆள் ஒருவர் குறைகிறார்

இதுதான் கூட்டாளிகள் பயணத்தின் உண்மையான கோளாறு. ஒருவரைத் தேடி ஐந்து பேர் ஐந்து திசையில் கிளம்பினால் கால் மணி நேரத்தில் ஆறு பேரும் தொலைந்தவர்கள். விதி ஒன்றுதான்: ஒருவர் மட்டும் தேட வேண்டும், மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தேடப் போகிறவர் யார் என்று காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காணாமல் போனவரும் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் நடந்தால் சந்திப்பது அதிர்ஷ்டம்.

4-அ: ரயில் கதவு மூடிக்கொண்டது, பாதிப் பேர் உள்ளே

உள்ளே போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய கதவுக்கு எதிரே பிளாட்பாரத்திலேயே நிற்க வேண்டும். வெளியே நின்றவர்கள் அதே திசையில் அடுத்து வரும் ரயிலில் ஏறி அங்கே போக வேண்டும். உள்ளே ஒருவர், வெளியே ஐந்து பேர் என்றாலும் இதே விதிதான். "திரும்பி வந்துடுறேன்" என்று உள்ளே போனவர் எதிர் ரயில் பிடிப்பதும், அதே நேரத்தில் மற்றவர்கள் முன்னால் போவதும்தான் வழக்கமாக நடக்கும் விபரீதம். இரண்டு ரயிலும் சுரங்கத்துக்குள் ஒன்றையொன்று கடந்து போகும், போனில் சிக்னலும் இருக்காது.

கிளை பிரியும் தடத்தில் ஒரு கவனம்: பிரியும் நிலையத்துக்கு முன்னால் என்றால் எந்த ரயிலும் அடுத்த நிலையத்தில் நிற்கும், ஏறலாம். பிரியும் நிலையத்திலேயே இது நடந்தால் ரயிலின் கடைசி ஊரைப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

4-ஆ: மாலுக்குள், பெரிய கடைக்குள் பிரிந்துவிட்டோம்

போன் உரையாடல் எப்போதும் இப்படித்தான் போகும்.

"எங்கடா இருக்க?"

"இங்கதான்டா இருக்கேன்."

"இங்கன்னா எங்க?"

"ஒரு செவன் லெவன் கடை பக்கத்துல."

அந்தக் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது. அது அடையாளமே அல்ல. மூன்றைக் கேளுங்கள்: எந்தத் தளம், எதிரே உள்ள கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, அந்தப் பலகையின் படம் ஒன்று. தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பயனில்லை. எதிரே தெரிவதை எடுக்கச் சொல்லுங்கள்.

தளத்தின் எண் ஊருக்கு ஊர் மாறும். சிங்கப்பூரில் தரைத்தளமே 1. மலேசியாவில் தரைத்தளம் ஜி. அதோடு எல்ஜி, யுஜி என்று கீழும் மேலும் தனித் தளங்கள் உண்டு. பல கட்டடங்களில் 4-க்குப் பதிலாக 3ஏ என்று போட்டிருப்பார்கள். "கீழ வா" என்று சொன்னால் ஆளுக்கொரு கீழ். லிஃப்ட் பொத்தானில் இருப்பதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

தேக்கா பக்கத்து முஸ்தபா போன்ற கடைகளுக்கு வாசல்கள் பல. "வாசல்ல நிக்கிறேன்" என்பது போதாது. எந்தத் தெருவைப் பார்த்த வாசல் என்று தெருப் பெயர்ப் பலகையைப் படித்துச் சொல்ல வேண்டும்.

4-இ: கூட்டத்தில் பிரிந்துவிட்டோம்

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியா, தைப்பூசத்தன்று பத்துமலை. கூட்டம் நெருக்கும்போது கால் போகாது. குரலுக்குப் பதிலாக எழுத்துச் செய்தி அனுப்புங்கள், அது எப்படியாவது போய்ச் சேரும்.

மகாமகக் குளத்தில் சந்திப்போம் என்றால் எந்தக் கரை என்று கேட்போம் அல்லவா, அங்கேயும் அதே கேள்வி. பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலை எல்லோர் கண்ணிலும் படும் என்பதாலேயே சந்திக்கும் இடமாக ஆகாது. ஊரே அதன் காலடியில்தான் நிற்கும். ரயில் நிலைய வாசல் போல கூட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு முனையைச் சொல்லுங்கள். 272 படி ஏறும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் கால் மணி, ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று அளவில் கிடைக்கும். காலையில் ரூமை விட்டுக் கிளம்பும்போதே குழுவில் எல்லோரும் எட்டு மணி நேரம் போட்டுவிடுங்கள். பேட்டரி சேமிப்பு முறையில் இருக்கும் போனில் அது பழைய இடத்திலேயே உறைந்து நிற்கும். "கடைசியாகப் புதுப்பித்தது" என்று போட்டிருக்கும் நேரத்தைப் பார்க்காமல் அந்த இடத்துக்கு ஓடாதீர்கள்.

4-ஈ: போனே எடுக்கவில்லை

முதலில் எளிய காரணம்: அவர் உள்ளூர் சிம் போட்டிருப்பார், நீங்கள் ஊர் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு போடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள். ஊர் எண்ணுக்கே போட வேண்டுமென்றால் முன்னால் +91 சேருங்கள்.

பிறகு கடைசியாகப் பார்த்த இடத்தில் 15 நிமிடம் காத்திருங்கள். ஒருவர் மட்டும் கழிவறை, பணம் மாற்றும் கடை, கடைசியாக நின்ற கடை என்று மூன்றையும் பார்த்து வரட்டும். அடுத்து ரூம் வரவேற்பறைக்குப் போன் போடுங்கள். பலர் பேசாமல் ரூமுக்குத் திரும்பியிருப்பார்கள். மாலாக இருந்தால் தகவல் கவுண்டரில் சொல்லி ஒலிபெருக்கியில் அழைக்கச் சொல்லுங்கள்.

*எப்போது போலீஸ்:* ஆள் நல்ல நிலையில் இருந்து, பகல் நேரமென்றால் இத்தனையும் முடிந்தபின். சர்க்கரை மருந்து எடுப்பவர், வலிப்பு உள்ளவர், குடித்திருப்பவர், இரவில் தனியாகப் பிரிந்தவர் என்றால் தயங்காமல் உடனே. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்ற பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். அவசர எண் சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999. தாய்லாந்தில் போலீஸ் 191, சுற்றுலாப் போலீஸ் 1155. அன்று காலை எடுத்த குழுப் படம், என்ன நிறச் சட்டை, பாஸ்போர்ட் நகல் மூன்றும் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். தினமும் கிளம்பும்போது குழுப் படம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அறிகுறி 5: ரூம் எங்கே என்று தெரியவில்லை

புக்கிங் செய்தவர் போனில் மட்டும் விவரம் இருக்கும், அவர் வேறு இடத்தில் இருப்பார். மற்றவர்கள் போனிலேயே இரண்டு இடத்தில் விடை கிடைக்கும். ஒன்று, செட்டிங்கில் சேமித்த வைஃபை பட்டியல்: ரூம் வைஃபையில் இணைந்திருந்தால் பெரும்பாலும் ஹோட்டல் பெயரே அங்கே இருக்கும். இரண்டு, கேலரியில் ரூமிலோ அதன் வாசலிலோ எடுத்த படம். லொகேஷன் பதிவாகியிருந்தால் படத்தின் விவரத்தைத் திறந்ததும் மேப்பில் இடம் தெரியும்.

ஒரே பெயரில் பல கிளைகள் உள்ள ஹோட்டல்தான் பெரிய பொறி. சாவி அட்டையில் பெயர் மட்டும் இருக்கும், கிளை இருக்காது. ஓட்டுநர் பக்கத்துக் கிளையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். தெருப் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வந்த அன்றே வரவேற்பறையில் முகவரி அட்டை ஆளுக்கொன்று வாங்கி, போன் கவருக்குள் இல்லாமல் சட்டைப்பையில் வையுங்கள். பாங்காக்கில் அது தாய் எழுத்தில் இருப்பது முக்கியம்; ஆங்கில மேப்பைக் காட்டினால் பல ஓட்டுநர்களுக்குப் புரியாது. அட்டை இல்லையென்றால் வரவேற்பறையில் ஒரு தாளில் அவர்கள் எழுத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

எதுவும் இல்லையென்றால் ஊருக்குப் போன் போடுங்கள். புக்கிங் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. சிங்கப்பூர், மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 11 என்றால் இங்கே எட்டரை, வீட்டில் விழித்துத்தான் இருப்பார்கள். தாய்லாந்துக்கு ஒன்றரை மணி நேர வித்தியாசம்.

அறிகுறி 6: கிராப் வண்டி வரவில்லை, வந்தது வேறு எங்கோ போகிறது

கிராப் என்பது போன் செயலியில் புக் செய்யும் வாடகை வண்டி. மால், ரயில் நிலையங்களில் வண்டி ஏற்றும் இடம் தனியாக இருக்கும். செயலியில் குத்திய புள்ளி பின்தெருவில் விழுந்திருக்கும். கட்டடப் பெயரைத் தட்டி, அது காட்டும் ஏறுமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய் நின்றபின் புக் செய்யுங்கள். வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள்.

ஆறு பேருக்கு நாலு இருக்கை வண்டி வராது. இரண்டு வண்டியாகப் பிரியும்போது சேருமிடத்தை ஒருவர் குழுவில் அனுப்ப, இன்னொருவர் அதையே தொட்டுப் புக் செய்ய வேண்டும். தனித்தனியாகத் தட்டினால் ஒரே பெயருள்ள இரண்டு இடங்களில் போய் இறங்குவீர்கள்.

பாங்காக் அரண்மனைப் பக்கம் "இன்னைக்குக் கோயில் மூடியிருக்கு, வேற இடம் காட்டுறேன்" என்று துக்துக் ஓட்டுநரோ வழிப்போக்கரோ சொன்னால் ஏறாதீர்கள். நகைக்கடையில் கொண்டுபோய் விடுவது அங்கே பழைய பழக்கம். வாசல் வரை நடந்து போய் நீங்களே பாருங்கள்.

அறிகுறி 7: போன் செத்துவிட்டது

நம்மூர் சார்ஜர் முள் சிங்கப்பூர், மலேசியாவில் சுவரில் பொருந்தாது. அங்கே மூன்று தட்டை முள். மாற்று பிளக் ஒன்றை இரவில் ரூமில் மறந்ததுதான் மறுநாள் சாயங்காலம் போன் சாகக் காரணம். கூட்டத்துக்கு இரண்டு பவர் பேங்க் போதும், ஆனால் இரண்டும் ஒரே ஆளின் பையில் இருக்கக் கூடாது. விமானத்தில் அவற்றைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். போன் இல்லாதவர் நிலைய கவுண்டரில் கேட்டால் ஒரு அழைப்புக்கு உதவுவார்கள். கூட்டாளிகளின் எண்கள் தாளில் எழுதியிருந்தால்தான் அந்த உதவி பயன்படும்.

அறிகுறி 8: கடைசி ரயில் போய்விட்டது

நம்மூரில் ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் அஸ்தமனம், கோலாலம்பூரிலும் ஏழு, ஏழரை. வெளிச்சத்தைப் பார்த்து நேரம் கணக்கிட்டால் ஒரு மணி நேரம் ஏமாந்துபோவீர்கள். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். கடைசி ரயில் நேரம் நிலையத்தில் எழுதியிருக்கும். இடையில் மாற வேண்டிய பயணம் என்றால் முதல் ரயில் கிடைத்தாலும் இரண்டாவது போயிருக்கலாம். சிங்கப்பூர் டாக்சியில் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டருக்கு மேல் 50 சதவீதம் கூடுதல். நாலு பேர் பங்கு போட்டால் தாங்கும். செலவை மிச்சம் பிடிக்க முன்பின் தெரியாத தெருவில் இரவில் நடக்காதீர்கள்.

அறிகுறி 9: திரும்பும் நாளில் தவறான விமான நிலையம்

கோலாலம்பூரில் டெர்மினல் 1, டெர்மினல் 2 இரண்டும் நடந்து போகும் தூரத்தில் இல்லை. இரண்டுக்கும் நடுவே ரயில் உண்டு, சில நிமிடம்தான். சிங்கப்பூரில் 1, 2, 3 டெர்மினல்களுக்கு உள்ரயில், 4-க்கு மட்டும் பஸ். பாங்காக்கில்தான் ஆபத்து: சுவர்ணபூமி, டான் முவாங் இரண்டும் வேறு வேறு விமான நிலையம், நகரத்தின் வேறு வேறு முனை. நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட்டில் மூன்று எழுத்துக் குறியீட்டை முந்தின நாளே பாருங்கள். தவறிவிட்டால் டாக்சியில் ஏறியபடியே விமான நிறுவனத்துக்குப் போன் போடுங்கள், வண்டியை விட்டு இறங்கியபின் அல்ல.

அறிகுறி 10: வழி தவறிய அலைச்சலில் பாஸ்போர்ட்டும் தொலைந்தது

இதை நீங்களே சரிசெய்ய முடியாது. ரூமையும் கடைசியாக உட்கார்ந்த உணவுக்கடையையும் ஒருமுறை பார்த்துவிட்டு நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் எழுதி, நகல் வாங்குங்கள். அடுத்தது இந்தியத் தூதரகம்: சிங்கப்பூரில் கிரேஞ்ச் சாலை, பாங்காக்கில் சுகும்வித் 23-ஆம் சோய். அங்கே எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேளுங்கள். அது ஒருமுறை இந்தியா திரும்ப மட்டும் செல்லும். புகார் நகல், பழைய பாஸ்போர்ட்டின் நகல், புகைப்படம் கேட்பார்கள். அதன்பின் அந்நாட்டுக் குடிநுழைவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். இதற்கு நாட்கள் பிடிக்கும் என்பதால் விமான டிக்கெட்டை அன்றே தள்ளிப் போடுங்கள். தங்கும் அனுமதி முடியும் தேதியையும் அலுவலகத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் ஒருவர் அவரோடு தங்க வேண்டும். யார் என்று உணர்ச்சிவசப்பட்டு முடிவு செய்யாமல், விடுப்பு அதிகம் உள்ளவர் தங்கட்டும்.